நாற்பது நொடி

தொண்டி இறால் கம்பெனி மாடியில்
வாடைக்காற்று தின்ற ஏழாவது ரவுட்டர் இது.
திருப்புளி வைத்தால்
திருகின் தலை மட்டும் கையோடு வருகிறது.
உள்ளே தங்க முலாம் என்று பில்லில் போட்டிருந்தார்கள்.
கவரிங் கம்மல்கூட இதைவிட நாள் தாங்கும்.

பழைய இரும்பு வில்லாயுதம்
தகரத்தைத் தனியாக, பச்சை அட்டையைத் தனியாக
எடை போட்டு நூற்றிருபது கொடுத்தார்.
வாங்கிய விலையை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் கோயம்புத்தூரிலிருந்து
இளம்பரிதி வந்தான், ஷூவுக்குள் மணலோடு.
மடிக்கணினியில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது.
இதுதான் சார் சந்தை, இனிமேல் எல்லாரும் இதுக்குத்தான் வருவாங்க.
எங்கள் பக்கம் அப்படி ஏறுவது
ஐஸ் விலை ஒன்றுதான்.

பெட்டி எங்கே தம்பி, என்றார் நெய்னா முகம்மது.
பெட்டி கிடையாது சார். மென்பொருள்.
எடை?
எடை இல்லை.
துரு?
துருப்பிடிக்க ஒன்றுமே இல்லை சார்.
முப்பது கவுண்டு, நாற்பது கவுண்டு என்று
கிலோவுக்கு எத்தனை இறால் என எண்ணியே வாழ்ந்தவர்
என் பக்கம் திரும்பினார்:
ஏம்மா எமரன்சி, இதை எதில் வச்சு நிறுக்கிறது?

வருஷக் குத்தகை. வேகத்துக்கு ஏற்ற விலை.
கண்மாய் மீனை ஏலம் எடுக்கிற மாதிரிதான் என்றேன்,
தண்ணீர் நமதில்லை, மீன்பாடு நமது.
கையெழுத்துப் போட்டார்.
தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் மட்டும்.
மண்டபம் கிடங்கில் கடைசிப் பெட்டி இருந்தது,
இறால் பைக்குள் சுற்றி,
சாகிறவரை ஓடட்டும் என்று.

கார்த்திகையில் புயல்.
மூன்று மணிக்கே ரவுட்டரை
ஒரு கோப்பாக மதுரைக்கு அனுப்பிவிட்டேன்.
கல்யாண வீடியோவைவிடச் சின்னது.
இரவு பதினொன்றரைக்கு
கம்பெனிக்குள் கடல் வந்தது.
கீழே இருந்த சர்வர் போயிற்று.
மதுரையில் அது கண் விழித்தது,
தான் முழுகியதே தெரியாமல்.

விழித்ததும் அயலாரைக் கூப்பிட்டது.
பத்து நொடிக்கு ஒரு ஹலோ.
நாற்பது நொடி பொறுக்கும். பதில் இல்லையென்றால்
எழுதிவைக்கும்:

தேவிபட்டினம், இறந்தது.
மண்டபம், இறந்தது.

பள்ளிக்கூட முகாமில்
யாரோ வீட்டுக் கைக்குழந்தை அழ,
பதினாறு சதவீதம் சார்ஜில் அதைப் படித்தேன்.
ரவுட்டர் பேச்சில் அது சாதாரணச் சொல்.
கம்பி போனாலும் அதேதான் எழுதும், கரண்ட் போனாலும் அதேதான்.
பயிற்சியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்,
சிரித்துக்கொண்டு.

மண்டபம் கிடங்கில் இரவுக் காவல் என் தம்பி அந்திரேயாஸ்.
அவன் போன் பத்து மணியிலிருந்து
தொடர்பு எல்லைக்கு வெளியே.
எனக்கு அந்த நாற்பது நொடிக் கணக்கு வரவில்லை.
அடித்தேன். அடித்தேன்.
ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்குரல்
மரியாதையாக மறுத்தது.

ஐந்து ஐம்பத்திரண்டு.
மதுரையிலிருந்து ஒரு வரி:
மண்டபம், எழுந்தது.

எடை இல்லாதது கூப்பிட்டிருக்கிறது,
துருப்பிடித்தது பதில் சொல்லியிருக்கிறது.
ஆனால் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும்.
கம்பமெல்லாம் சாய்ந்த ஊரில் ஜெனரேட்டர் வேண்டும்.
அந்தப் பழைய ஜெனரேட்டருக்குப் பொத்தான் கிடையாது,
கயிறு.
காலை ஊன்றி, மூன்று நான்கு முறை,
கெட்ட வார்த்தை சொல்லி இழுக்க
ஒரு கை வேண்டும்.

திரையை அணைத்துவிட்டு
குழந்தைக்காரியிடம் தண்ணீர் கேட்டேன்.

அன்றைக்கே இளம்பரிதியின் கடிதமும் வந்தது,
உரிமம் முடிய முப்பது நாள், புதுப்பித்தால் தள்ளுபடி.
தேவிபட்டினத்தை
அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.